ஐந்து கட்டைக்குச் சற்று மேலே

எலெக்ட்ரிக் கிடாருக்கு எந்த பிரிட்ஜ் பிக்கப் நல்லது என்று என்னிடம் யாரும் கேட்பதில்லை. கேட்டால் சொல்லிவிடுவேன் என்ற பயம்தான் காரணம். காந்தத்தில் எத்தனை வகை, கம்பி எத்தனை சுற்று, எந்தக் கம்பெனிக்காரன் எந்த நிற வயரை எதற்கு வைத்திருக்கிறான், எல்லாம் எனக்கு மனப்பாடம். இத்தனையும் தெரிந்த ஒருவன், உயிரோடிருந்த பிக்கப் ஒன்றைக் கொன்றான். அதன் இடத்தில் வைத்ததைத் தலைகீழாக இணைத்தான். கடைசியில் இதில் எது கிடார் சத்தம் என்று கேட்டபோது சொல்லத் தெரியாமல் விழித்தான். அந்த ஆள் நான்தான்.

குடியிருப்பு பெங்களூர் ஒக்கலிபுரத்தில். ஒரு பக்கம் ரயில்வே லைன், மறுபக்கம் ஸ்ரீராமபுரம். தெருவில் காய்கறி விலை கேட்பதும் சண்டை போடுவதும் பெரும்பாலும் தமிழில் நடக்கும். பகலில் ராஜாஜிநகரில் ஒரு சின்னக் கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறேன். ஆடி மாதம் வந்தால் அம்மன் கோயில் திருவிழா மேடைகளில், விநாயகர் சதுர்த்திக்குத் தெருமுனைப் பந்தல்களில், நவம்பரில் ராஜ்யோத்சவ விழாக்களில் கிடார் வாசிக்கிறேன். ஆர்கெஸ்ட்ராவில் கிடாரிஸ்ட்டின் இடம் எது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்: டிரம்ஸுக்கு முன்னால், பாடகிக்குப் பின்னால், போட்டோவில் பாதி. கீபோர்டு வாசிப்பவன் என் மனைவியின் தம்பி. பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையில் வரும் வயலின், ஃப்ளூட், ஷெனாய் எல்லாவற்றையும் அவனே பார்த்துக்கொள்வான். கிடாரையும் பார்த்துக்கொள்ள அவனால் முடியும். அக்காவின் முகத்துக்காக என்னை விட்டுவைத்திருக்கிறான்.

கிடார், ஸ்ட்ராட்டோகாஸ்டரைப் பார்த்துச் செய்தது. பெயர் வேண்டாம். அதில் மூன்று பிக்கப். பிக்கப் என்பது பெரிய ரகசியமில்லை. காந்தம், அதைச் சுற்றி எனாமல் பூசிய மெல்லிய செம்புக் கம்பி. மேலே இரும்புத் தந்தி ஆடினால் காந்தப்புலமும் ஆடும், சுருளில் மின்சாரம் பிறக்கும். ரிக்கன்பேக்கர் கம்பெனி 1932இல் விற்கத் தொடங்கிய வறுசட்டி வடிவக் கிடாரிலும் இதே சங்கதிதான். மூன்றில் கழுத்துப் பக்கம் இருப்பது குழைவாகப் பேசும். பிரிட்ஜ் பக்கம் இருப்பது சுள்ளென்று பேசும். தந்தி கட்டப்பட்டிருக்கும் முனைக்குப் பக்கத்தில் அதனால் அதிகம் ஆட முடியாது. அங்கே அடிநாதம் மெலிந்து மேற்சுரங்கள் தூக்கலாக நிற்கும். அதனால்தான் பிரிட்ஜ் பிக்கப்புக்குக் கூடுதல் சுற்று கொடுத்து உரம் ஏற்றுவார்கள். ராக் கிடாரிஸ்ட் சோலோ வாசிக்கும்போது முகத்தைச் சுளித்துக்கொள்வாரே, அப்போது பிக்கப் மாற்றும் ஸ்விட்ச் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் இருக்கும்.

எனக்கும் அந்த முகச்சுளிப்பு வேண்டியிருந்தது. 2007 மார்ச் 17 அன்று அரண்மனை மைதானத்தில் அயர்ன் மெய்டன் வாசித்தபோது நானும் அந்தப் புழுதியில் நின்றேன். அந்தக் குழுவின் ஏட்ரியன் ஸ்மித்தின் கிடாரில் பிரிட்ஜ் பக்கம் இருப்பது டிமார்சியோவின் சூப்பர் டிஸ்டார்ஷன் என்று பிறகு படித்தேன். 1972இல் லாரி டிமார்சியோ கொண்டுவந்த சரக்கு அது. கிடாரோடு வந்த பிக்கப்பைக் கழற்றிவிட்டு வேறொன்றைக் காசு கொடுத்து வாங்கிப் போடலாம் என்ற வியாபாரமே அதிலிருந்துதான் தொடங்கியது. அந்த வியாபாரத்துக்கு நான் வாடிக்கையாளனாகப் போகிறேன் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. மாரியம்மன் மேடையில் அதைப் போட்டுக்கொண்டு எந்தப் பாட்டை வாசிப்பாய் என்று கேட்க அப்போது பக்கத்தில் ஆள் இல்லை. எங்கள் லிஸ்டில் கிடாருக்குப் பெயர் வாங்கித் தரும் அயிட்டம், 'பயணங்கள் முடிவதில்லை' படத்து நிலாப் பாட்டு. 1982. அதற்கு வேண்டியது தெளிவான, கூச்சலில்லாத சத்தம்.

ஆனால் ஆசைக்கு ஒரு காரணம் வேண்டுமே. காரணம் இரைச்சல் வடிவத்தில் வந்தது.

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். என்னுடையது போன்ற ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு எது தந்தியின் ஆட்டம், எது ட்யூப்லைட் சோக்கின் ஆட்டம் என்று பிரித்துத் தெரியாது. கிடைப்பதையெல்லாம் ஆம்ப்புக்கு அனுப்பிவிடும். திருவிழா மேடை என்றால் கேட்கவே வேண்டாம். சீரியல் செட், டிம்மர், பக்கத்திலேயே ஜெனரேட்டர். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் என் ஆம்ப் மட்டும் 'ம்ம்ம்' என்று நின்றுகொண்டிருக்கும். 50 ஹெர்ட்ஸும் அதன் இரட்டையான 100 ஹெர்ட்ஸும் எந்த ஸ்வரம் என்று பார்த்தேன். மேற்கத்திய ஜி என்பது 49, 98. ஆக, ஜியிலிருந்து அரை ஸ்வர தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு மேலே. நம் கணக்கில் ஐந்து கட்டைக்குச் சற்று மேலே, பெண்கள் பலர் சுருதி வைத்துக்கொள்கிற இடம். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அவர்கள் இரைச்சல் ஆறரைக் கட்டைக்கும் ஏழுக்கும் நடுவில் எங்கோ தொங்கும். இந்த விஷயத்தில் நாம் அதிர்ஷ்டசாலிகள்.

இந்தக் கண்டுபிடிப்பை நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? பாட்டுகளையெல்லாம் ஜிக்கு மாற்றச் சொல்லிக் குழுவில் பேசினேன். சுருதியோடு கலந்துவிட்டால் இரைச்சல் தெரியாதல்லவா. எங்கள் பாடகிக்கும் அந்தச் சுருதி தோதாக இருந்ததால் சில பாட்டுகள் மாறின. மச்சான் மட்டும், "மாமா, ஒரு வயரைச் சரி பண்ணச் சோம்பேறித்தனப்பட்டு மொத்த ஆர்கெஸ்ட்ராவையும் டிரான்ஸ்போஸ் பண்ற ஒரே ஆளு நீங்கதான்" என்றான்.

வீட்டிலும் அந்த இரைச்சல் இருந்தது. அதற்கு நான் பழி போட்டது ரயிலின் மேல். எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் 25,000 வோல்ட் மேல்கம்பி, அதுவும் 50 ஹெர்ட்ஸ். வேறென்ன சாட்சி வேண்டும்? மெட்ராஸ் வண்டி போகும் நேரம் பார்த்து வால்யூமைத் திறந்துவைத்துக் காத்திருந்தேன். இரைச்சல் கூடியது போலவும் இருந்தது, கூடாதது போலவும் இருந்தது. 2014 மார்ச்சில் சம்பிகே ரோட்டிலிருந்து பீண்யா வரை மெட்ரோ ஓடத் தொடங்கியதும் சந்தேகத்தை அதன் பக்கம் திருப்பினேன். மெட்ரோவுக்கு மின்சாரம் பக்கத்துத் தண்டவாளத்திலிருந்து 750 வோல்ட் டி.சி. நேர்மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் முனகாது என்று தெரிந்தபின் மெட்ரோவை மன்னித்தேன். பாத்ரூமுக்கு கீசர் மாட்ட வந்த எலெக்ட்ரீஷியன், போகிற போக்கில் என் ஆம்ப் சொருகியிருந்த ப்ளக் பாயின்ட்டைக் கழற்றிப் பார்த்தார். மேலே பெரிய துளை இருக்கிறதே, எர்த் துளை, அதற்குப் பின்னால் கம்பியே இல்லை. வெறும் சுவர். "அழகுக்கு வெச்சிருக்காங்க சார்" என்றார்.

எர்த் கொடுத்ததும் பாதி இரைச்சல் போய்விட்டது. மீதி பாதி பிக்கப்பின் பிறவிக் குணம். இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த எலெக்ட்ரீஷியனின் மல்டிமீட்டரைப் பார்த்து ஆசைப்பட்டு நானும் ஒன்று வாங்கிவிட்டேன்.

மீட்டர் கையில் இருப்பவனுக்கு உலகத்தில் எல்லாமே அளக்க வேண்டிய சாமான். ஏப்ரலில் ஒரு மத்தியானம் பிரிட்ஜ் பிக்கப்பை அளந்தேன். 6.3 கிலோ ஓம். நோட்டில் குறித்துவைத்தேன். கணக்கு எழுதுகிற கை. டிசம்பரில் ஒரு விடியற்காலை, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மறுபடி அளந்தால் 5.9. வீட்டில் எல்லோரையும் எழுப்பிச் சொல்ல வேண்டும் போலிருந்தது. உள்ளே எங்கோ கம்பி ஷார்ட் ஆகிவருகிறது, பிக்கப் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கிறது!

செம்பின் மின்தடை ஒரு டிகிரி வெப்பத்துக்கு நூற்றில் 0.4 பங்கு அளவு கூடும், குறையும். ஏப்ரல் வெயிலுக்கும் டிசம்பர் குளிருக்கும் பெங்களூரில் பதினாறு டிகிரி வித்தியாசம் சாதாரணம். நான் அளந்தது பருவநிலையை. பள்ளிக்கூடத்து இயற்பியல் புத்தகத்திலேயே இருக்கும் விஷயம். அதில் எனக்கு நல்ல மார்க் வேறு.

இது எதுவும் அப்போது மண்டையில் ஏறவில்லை. நோயாளிக்கு முதலுதவி என்று பிக்கப்பின் இரண்டு பக்க ஸ்க்ரூவையும் திருகி அதைத் தந்திக்கு மிக அருகில் உயர்த்தினேன். சத்தம் கூடத்தான் கூடியது. ஆனால் ஸ்ட்ராட் வகை பிக்கப்பில் காந்தத் தண்டுகளே மேலே எட்டிப்பார்க்கும். தந்தியை ரொம்பக் கிட்டே கொண்டுபோனால் அவை இழுத்துப் பிடிக்கும். ஆறாவது தந்தி தன்னோடு தானே சுருதி சேராமல் அலைபாய ஆரம்பித்தது. நானோ, 'பார்த்தாயா, சீக்கு முற்றிவிட்டது' என்றேன்.

நோய் நிச்சயமானதும் அறுவைச் சிகிச்சை. புது பிக்கப் விலையைப் பார்த்தால், பெயருள்ள கம்பெனி ஒன்றின் பிக்கப் என் கிடாரையே விலைக்கு வாங்கிவிடும் போலிருந்தது. சரி, பழசையே ரீவைண்டிங் செய்வோம். நம் ஊரில் மிக்ஸி, சீலிங் ஃபேன், தண்ணீர் மோட்டார் எதையும் தூக்கிப் போடுகிறோமா? ஸ்ரீராமபுரத்தில் வைண்டிங் கடை இருக்கிறது. கம்பிதான் நான் கொண்டுவர வேண்டும் என்றார்கள். ஃபெண்டர், கிப்சனின் பழைய காலத்து பிக்கப்புகளில் 42 கேஜ் கம்பி என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. எஸ்.பி. ரோட்டுக்குப் போய், ஆள் இடித்துக்கொண்டு நடக்கும் அந்தச் சந்துகளில் தேடி, 42 கேஜ் எனாமல் கம்பி வாங்கினேன். கடைக்காரர் தராசில் நிறுத்துக் கொடுத்தார். விலையும் கொஞ்சம்தான். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு திரும்பினேன்.

வைண்டிங் கடை அண்ணன் பிக்கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எதுல இருக்கறது சார்?"

"கிடார்ல."

"கிடார்ல மோட்டார் எதுக்கு சார்?"

விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பழைய கம்பியை நானே வீட்டில் அறுத்து எடுத்து வந்திருந்தேன். அதை எடுத்து விரலில் சுற்றிப் பார்த்தார், பிறகு நான் கொண்டுவந்ததைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், படித்தவன் சொல்கிறான் என்று விட்டுவிட்டார் போல. எத்தனை டர்ன் என்றார். ஏழாயிரத்து எண்ணூறு என்றேன். கையால் சுற்றும் மெஷினில், எண்ணிக்கை காட்டும் சின்னப் பெட்டியோடு ஆரம்பித்தார். மூவாயிரம் தாண்டியதும் நிறுத்தினார்.

"சார், பாபின் ரொம்பிடுச்சு."

"இன்னும் நாலாயிரத்துச் சொச்சம் இருக்கே அண்ணா?"

"அதை எங்க சார் சுத்தறது? என் கையிலயா?"

கேஜ் என்பது அமெரிக்காவுக்கு ஒரு கணக்கு, பிரிட்டனுக்கு ஒரு கணக்கு. அமெரிக்க 42 என்றால் 0.063 மில்லிமீட்டர், தலைமுடிப் பருமன். நம் வைண்டிங் கடைகளில் புழங்குவது வெள்ளைக்காரன் விட்டுப்போன எஸ்.டபிள்யூ.ஜி. அதில் 42 என்றால் 0.10 மில்லிமீட்டர். நான் கேட்டிருக்க வேண்டியது 46. பார்ப்பதற்கு இரண்டும் கம்பிதான், ஆனால் குறுக்குவெட்டுப் பரப்பில் இரண்டரை மடங்குக்கு மேல் வித்தியாசம். கிடைத்த மூவாயிரம் சுற்றை மீட்டரில் வைத்தேன். ஒரு கிலோ ஓம் கூட வரவில்லை. ஏப்ரலிலும் வராது.

இதில் நான் கவனிக்கத் தவறியது இன்னொன்று. நல்ல ஸ்ட்ராட் பிக்கப் ஒன்றில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் கம்பி இருக்கிறது. என் வீட்டு ஜன்னலில் கட்டி இழுத்தால் ரயில்வே லைனைத் தாண்டி மெஜஸ்டிக் பக்கம் போய்விடும். அவ்வளவு கம்பியை, எந்தக் குறையும் இல்லாத கம்பியை, பிளேடு வைத்து அறுத்துக் குப்பையாக்கியிருந்தேன். வெறும் குளிர் பிடித்திருந்த பிக்கப் இப்போது நிஜமாகவே செத்துவிட்டது.

ஆக, வாங்கித்தான் தீர வேண்டும். கௌரவமான ஏற்பாடு. குற்ற உணர்ச்சியும் இல்லை, ஏனென்றால் பழசு இல்லவே இல்லை.

தேர்ந்தெடுக்கும் படலத்தை நான் மிகவும் ரசித்தேன் என்பதை மறைக்கக் கூடாது. எக்ஸெலில் பட்டியல் போட்டேன். அலுமினியம், நிக்கல், கோபால்ட் மூன்றையும் கலந்த ஆல்னிகோ காந்தம்: அதில் இரண்டாம் நம்பர் மென்மை, ஐந்தாம் நம்பர் துடிப்பு. அடுத்து செராமிக்: முரடு. 2011 அக்டோபர் 30 அன்று இதே ஊரில் மெட்டாலிகா வாசித்தார்களே, அவர்கள் நம்பும் இ.எம்.ஜி. வகைக்கு 9 வோல்ட் பேட்டரி வேண்டும். மேடையில் பேட்டரி தீர்ந்தால் மச்சானிடம் கையேந்த வேண்டும் என்பதால் அதை அடித்தேன். பட்டியலின் கடைசிப் பத்தி, கிலோ ஓம். அதைத்தான் நான் வரிசைப்படுத்தினேன். பழசு ஆறு, சீமோர் டங்கனின் ஜேபி மாடல் பதினாறு. பதினாறு பெரிதா, ஆறு பெரிதா? கணக்கு எழுதுகிறவனிடம் கேட்கிற கேள்வியா?

மெல்லிசான கம்பியைச் சுற்றினால், சுற்று அதே அளவில் இருந்தாலும் ஓம் எகிறும். பிக்கப்பின் குரலைத் தீர்மானிப்பது சுற்று எண்ணிக்கை, காந்தத்தின் வலு, சுருளின் தூண்டல், எந்த அதிர்வெண்ணில் அது உச்சம் தொடுகிறது என்பதெல்லாம் சேர்ந்துதான். சுற்று ஏற ஏற அந்த உச்சம் கீழே இறங்கும், பளிச்சென்ற குணம் மங்கும். இந்த விவரங்களெல்லாம் நான் படித்த பக்கங்களிலேயே இருந்தன. ஆனால் 'க்ரீமி', 'கிரிஸ்ப்', 'ஓப்பன்' என்று அவர்கள் எழுதுவது எது என்று என் காதுக்குப் புரியவில்லை. ஓம் புரிந்தது. ஜிலேபியைப் பாகுமானி வைத்து வாங்குகிறவனைப் போல நான் மீட்டரோடு கடைக்குப் போனேன்.

கடைசியில் வாங்கியது ஒற்றைச் சுருள் அளவிலேயே செய்த ஹம்பக்கர். இரண்டு இரும்புப் பட்டைகள் பக்கம் பக்கமாக ஓடும். ஹம்பக்கர் என்ற யோசனையே அழகானது. கலமாசூவில் கிப்சன் கம்பெனியில் வேலை பார்த்த செத் லவர், ஆம்ப்புகளில் இரைச்சலை அடக்க வைக்கும் இரட்டைச் சோக்கைப் பார்த்து, பிக்கப்பிலும் இதைச் செய்தால் என்ன என்று 1955இல் செய்தது. இரண்டு சுருள். ஒன்றின் காந்தம் வடக்கு, மற்றதன் காந்தம் தெற்கு. சுற்றும் எதிரெதிர். தந்தியின் ஓசை இரண்டிலும் சேர்ந்து கூடும். வெளியிலிருந்து வரும் இரைச்சலுக்குக் காந்தத்தின் வடக்கு தெற்கு தெரியாது, அது ஒன்றில் கூட்டலாகவும் மற்றதில் கழித்தலாகவும் விழுந்து பூஜ்யமாகிவிடும். பற்று வரவு நேர்ப்படுவதைப் பார்க்கும் சந்தோஷம் எனக்கு இதில் இருந்தது.

பிக்கப்பிலிருந்து நான்கு நிற வயரும் ஒரு வெறும் வயரும் வந்தன. இணைப்புப் படம் ஒன்றை முன்பே பிரிண்ட் எடுத்து லேமினேட் செய்து வைத்திருந்தேன். படத்தில் சொன்னபடி கறுப்பு வெளியே போகும், சிவப்பும் வெள்ளையும் சேரும், பச்சை எர்த்துக்கு. நடுக்கூடத்தில் பேப்பர் விரித்து, சால்டரிங் அயர்ன் சூடேற்றி, ஈயம் பளபளக்க முடித்தேன். அன்று மாலை ரிகர்சலில் சொருகினேன். பாட்டு தொலைபேசியில் மூக்கடைத்தவன் பேசுவது போல் மெலிந்து கேட்டது. இரைச்சல் முன்பிருந்ததைவிட இரண்டு மடங்கு. டிரம்ஸ் வாசிப்பவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

லேமினேட் செய்தது சீமோர் டங்கன் நிறக் கணக்கு. நான் வாங்கியதில் இருந்தது டிமார்சியோ நிறக் கணக்கு. அங்கே வெளியே போவது சிவப்பு, சேர வேண்டியது கறுப்பும் வெள்ளையும். இரண்டிலும் எர்த் பச்சைதான், அந்த ஒற்றுமைதான் என்னை ஏமாற்றியது. விளைவு, ஒரு சுருள் தலைகீழாகிவிட்டது. கூட வேண்டியது கழிந்தது, கழிய வேண்டியது கூடியது. இரைச்சலை ஒழிப்பதற்காக உலகம் கண்டுபிடித்த சாதனத்தை வைத்து இரைச்சலை இரட்டிப்பாக்கும் உத்தியை ஒக்கலிபுரத்தில் கண்டுபிடித்திருந்தேன். கிப்சன்காரர்களே தங்கள் பிக்கப்பின் அடியில் ஒட்டிய சீட்டில் வேறு காப்புரிமையின் எண்ணை அச்சடித்திருந்தார்கள் என்று மச்சானிடம் ஆறுதலுக்குச் சொன்னேன். அது தந்தி பூட்டும் பாகத்துக்கு லெஸ் பால் வாங்கியிருந்த காப்புரிமை. "அவங்க பிக்கப் வேலை செஞ்சுது மாமா" என்றான்.

வயரை மாற்றினேன். வேலை செய்தது. ஆனால் மந்தமாக இருந்தது. ஒற்றைச் சுருளுக்கான 250 கிலோ ஓம் வால்யூம் பாட் அப்படியே இருந்ததால் உச்சஸ்தாயியைத் தின்றுகொண்டிருந்தது. 500 வாங்கப் போனேன், 'பி' எழுத்துப் போட்டதை வாங்கி வந்தேன். 'ஏ' போட்டது காதுக்கு ஏற்றபடி ஏறும். 'பி' போட்டது கணக்குப்படி சீராக ஏறும், அதனால் திருகியவுடன் பாதிச் சத்தம் பாய்ந்துவிடும், அதற்குமேல் திருகினாலும் ஒன்றும் நடக்காது. அதையும் மாற்றினேன். விவரிக்க வெட்கமாக இருக்கிறது.

எல்லாம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் மொபைலோடு வந்து உட்கார்ந்தான். பழைய பிக்கப் உயிரோடிருந்தபோது எடுத்த ரெக்கார்டிங் ஒன்று, புது பிக்கப்பில் ஒன்று, இன்னும் ஒன்று, மூன்றையும் கலந்து போடுகிறேன், உங்கள் புது பிக்கப் எது என்று சொல்லுங்கள் என்றான். ஒரே நிலாப் பாட்டு, ஒரே இடம். கண்ணை மூடிக்கொண்டேன். முதலாவது, உயிரில்லை. இரண்டாவது, பரவாயில்லை. மூன்றாவது வந்ததும் எழுந்தே உட்கார்ந்துவிட்டேன்.

"இதுதாண்டா. மீட்டு ஒவ்வொண்ணும் எப்படி விழுது பாரு. அந்த மேற்சுரம்... இதுக்குத்தான் நான் இவ்வளவு செலவு பண்ணேன்."

"அது என் கீபோர்டு மாமா. கிளீன் கிடார் டோன்."

உயிரில்லை என்று நான் தள்ளியது புது பிக்கப். பரவாயில்லை என்றது, டிசம்பரில் நான் மரணச் சான்றிதழ் எழுதிய பழசு. என் மனைவி காபி கொண்டுவந்தவள், இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, கேட்காமலேயே உள்ளே போய்விட்டாள்.

இருந்தாலும் இரைச்சல் போயிற்று. அதை யாரும் மறுக்க முடியாது. ஆடித் திருவிழா மேடையில், தலைக்கு மேல் சீரியல் செட் ஓடிக்கொண்டிருக்க, ஆம்ப்பைப் போட்டு, ஸ்விட்சைப் புது பிக்கப் பக்கம் வைத்து வால்யூமை முழுக்கத் திறந்தேன். சுத்தமான மௌனம். யாராவது கவனிக்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தேன். மைக் செட்டுக்காரர் கவனித்தார். என் லைன் செத்துவிட்டது என்று நினைத்து ஓடி வந்து கேபிளைப் பிடுங்கி மறுபடி சொருகினார்.

முதல் பாட்டு, நான் போராடி மாற்ற வைத்த ஜியில். பாடகிதான் முன்வாத்தியம் இல்லாமல் தனியாக எடுக்க வேண்டும். எடுக்கவில்லை. மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணா, சுருதி?"

"என்ன சுருதிம்மா?"

"உங்க பொட்டியிலருந்து எப்பவும் வருமேண்ணா, ம்ம்ம்னு. அதைப் பிடிச்சுத்தானே எடுப்பேன்."

நானும் மச்சானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இந்தப் பாட்டை எப்போதும் கொஞ்சம் தூக்கிப் பாடுகிறார், காது சரியில்லை என்று அவர் முதுகுக்குப் பின்னால் வருஷக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். அவர் பாடியது 50 ஹெர்ட்ஸுக்கு மிகச் சரியாக. மச்சான் கீபோர்டில் ஜியை அழுத்திக் கொடுத்தான். ஒரு முடி பிசகாமல் பாடினார்.

பிரிட்ஜ் பிக்கப் தேவைப்படுகிற குத்துப் பாட்டுகள் இரண்டைக் கடைசிக்கு வைத்திருந்தோம். ஒலிபெருக்கிக்கு இரவு பத்து மணி வரைதான் அனுமதி. ஸ்விட்சை மறுபடி அந்தப் பக்கம் தள்ளி, முகத்தையும் கொஞ்சம் சுளித்துத் தயாராக நின்றேன். பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, நன்கொடை கொடுத்தவர்கள் பெயரை வாசிக்கக் கமிட்டித் தலைவர் மேடை ஏறினார்.